கேன்காரரின் பதினான்கு மிதவைகள்

காலையில் கடலுக்குப் போகிறவர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். கேன்காரர் மணலைப் பார்ப்பார். ராத்திரி அலை என்ன ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே படகுவரை நடப்பார். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்று கிடந்தால் எடுத்து, மூடியைத் திருகிப் பார்த்து, காதோரம் வைத்துக் குலுக்கி, விரல் முட்டியால் தட்டுவார். தட்டினால் வருகிற சத்தத்திலேயே அது எத்தனை மாதம் வெயிலில் கிடந்தது, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். தேறாது என்று தெரிந்தாலும் கீழே போடமாட்டார். குறுக்கே வெட்டினால் படகில் தண்ணீர் இறைக்க ஆகும்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. தொழில், நண்டுக் கூடு போடுவது. கூட்டுக்குள் இரையை வைத்து, நீளக் கயிறு கட்டிக் கடலடியில் இறக்கி, கயிற்றின் மேல்முனையில் ஒரு மிதவையைக் கட்டிவிட வேண்டும். மறுநாள் மிதவையைத் தேடிப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் கூடு மேலே வரும். மிதவை போனால் கூடும் போனது; எங்கே கிடக்கிறது என்று கடலுக்குத்தான் தெரியும். அவரிடம் நாற்பது கூடுகள் இருந்தன. நாற்பதுக்கும் மிதவை கேன்தான். பாறையில் உரசிக் கயிறு அறுந்துபோகாமல் இருக்கக் கரையில் ஒதுங்கிய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி வளையங்களாகக் கோத்திருப்பார். இரை சீக்கிரம் கரைந்துபோகாமல் இருக்க ஷாம்பு பாட்டிலில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டு, அதற்குள் இரையை அடைத்துக் கூட்டில் தொங்கவிடுவார். கூட்டின் விலா உடைந்தால் பிளாஸ்டிக் கூடையைக் கிழித்து நார் எடுத்துப் பின்னுவார். கடையில் வாங்கியது என்று அவர் படகில் இருந்தது கத்தியும் கயிறும்தான். கயிற்றிலும் பாதி, அறுந்து ஒதுங்கிய பெரிய வலைகளிலிருந்து பிரித்து எடுத்தது.

"கரையெல்லாம் பொறுக்குறார், ஆனா பொறுக்கின்னு சொன்னா கோபம் வருது" என்று ஆரம்பத்தில் சிலர் கேலி பேசினார்கள். ஒருவனை அவர் தண்ணீர் இறைக்கிற டப்பாவாலேயே அடித்தார். அதற்குப் பிறகு எல்லோரும் கேன்காரர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. பின்கட்டில் துணி காயப்போட இடமில்லாமல் கேன்கள் சரம் சரமாகத் தொங்கும். அவர் மனைவி மீன் பெட்டி அடுக்குகிற கொட்டகையில் வேலை பார்த்தார். நாள் முழுக்க ஐஸில் கை விறைத்துப்போய் வீட்டுக்கு வந்து, ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"என்னங்க, இது வீடா, குப்பைக் கிடங்கா? ஒரு புடவை விரிக்க இடம் இருக்கா பாருங்க."

"இந்தச் சரத்தை இந்தப் பக்கம் தள்ளிட்டு விரிச்சுக்கோ."

"தள்ளித் தள்ளி நான்தான் தெருவுக்குப் போகணும்."

ஒவ்வொரு கேனின் தோளிலும் அவர் சூட்டு ஆணியால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைப்பார். கடலில் அது அவருடையது என்று அடையாளம். அந்தக் குறி இருக்கிற மிதவையை இருபத்திரண்டு வருஷத்தில் வேறு யாரும் தொட்டதில்லை.

அந்த வருஷம் நண்டு நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் விடியும் நேரத்தில் கேன்காரரும் அவர் மைத்துனனும் கூடு எடுக்கப் போனார்கள். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. பதினைந்து வருஷமாக ஒரே படகில் கூட்டு. மிதவை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர் இருந்தது. இடம் தப்பிவிட்டோமோ என்று இரண்டு தடவை சுற்றினார்கள். அப்புறம்தான் தூரத்தில் ஒரு பெரிய விசைப்படகின் பின்பக்கம் தெரிந்தது. கரையோரத்துக்குள் வரக்கூடாத படகு. அடிமட்டம்வரை வழித்து இழுக்கிற வலையோடு உள்ளே வந்து, குறுக்கே கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது.

நாற்பதில் பத்தொன்பது கூடுகள் போய்விட்டன.

கேன்காரர் அன்று மதியமே மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனார். ஆய்வாளர் புதிதாக வந்தவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மரியாதையான மனுஷன். உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார், எல்லாவற்றையும் கேட்டார்.

"படகு நம்பர் என்னங்க?"

"பின்பக்கம்தான் சார் தெரிஞ்சது. நீலக் கலர்."

"நீலக் கலர் படகு துறைமுகத்துல எழுபது இருக்கே. நம்பர் இல்லாம நான் யார் மேல எழுதுறது?"

"அப்ப எழுபது மேலயும் எழுதுங்க."

ஆய்வாளர் சிரித்தார். கேன்காரர் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்களுடையது என்று கருதப்படும் பதினான்கு மிதவைகள் தொடர்பாக நேரில் வரவும்' என்று இருந்தது. கேன்காரருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா! கிடைச்சிருச்சு. பதினாலு கிடைச்சிருச்சு" என்று மனைவியிடம் காகிதத்தை ஆட்டினார். "நல்ல பையன் அந்த ஆய்வாளர். தேடிக் கண்டுபிடிச்சிருக்கான் பாரு."

பெரிய கோணிப்பை ஒன்றை உதறி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு பையில் பதினாலு கேன் பிடிக்குமா என்பது மட்டும்தான் வழியெல்லாம் அவர் யோசனை.

அலுவலக நடைபாதையில் அவருடைய கேன்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை கட்டியிருந்தார்கள். அவர் குனிந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூடக் கீறல் விழாமல் இருந்தது. கோணியை விரித்து முதல் கேனைப் போடப் போனபோது எழுத்தர் ஓடிவந்தார்.

"ஐயா, அதைத் தொடாதீங்க. அது சாட்சிப் பொருள்."

"என் பொருள்தாங்க."

"அதனாலதான் சாட்சி."

உள்ளே ஆய்வாளர் ஒரு செய்தித்தாளை மேசைமேல் விரித்துக் காட்டினார். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஓட்டல்கள் இருக்கிற கடற்கரை. மணலில் பதினான்கு கேன்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். வட்டமும் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன. மேலே, 'கடலைக் குப்பைத் தொட்டியாக்குவது யார்?' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இது உங்க குறிதானே?"

"என் குறிதான். அன்னைக்கு அறுத்துட்டுப் போனான்னு வந்து சொன்னேனே சார், அதுதான் இது."

"புரியுதுங்க. ஆனா மேலிடத்துல கேக்குறாங்க. கடல்ல பிளாஸ்டிக் கழிவு விட்டதா உங்க மேல எழுதச் சொல்லிட்டாங்க."

கேன்காரருக்குச் சொன்னது விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சார், இதையெல்லாம் கடல்ல போட்டவன் எவனோ. நான் எடுத்தவன். இருபத்திரண்டு வருஷமா எடுத்துக்கிட்டே இருக்கேன். அறுத்தவன் மேல எழுத நம்பர் வேணும்னீங்க. எடுத்தவன் மேல எழுத ஒரு புள்ளி போதுமா?"

ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க நியாயம் எனக்குத் தெரியுதுங்க. என் கையில இல்ல."

முடிவு இதுதான். கேன்காரரின் படகு அனுமதிச் சீட்டு நிறுத்திவைக்கப்பட்டது. இனி கேன் கட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, துறை தருகிற எண் போட்ட மிதவைகளை வாங்கிக் கட்டிய பிறகுதான் கடலுக்குப் போகலாம். இந்தக் கரையில் கூடு போடுகிற எல்லாச் சின்னப் படகுக்கும் இனி அந்த மிதவைதான். மற்றவர்களுக்கு அவகாசம் உண்டு. குறி பேப்பரில் வந்துவிட்டதால் இவருக்கு மட்டும் உடனே.

"சரி, மிதவையைக் குடுங்க. இப்பவே எடுத்துட்டுப் போறேன். கோணி இருக்கு."

"இன்னும் வரலைங்க. அடுத்த வாரம் வந்துரும்."

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் கேன்காரர் அலுவலகத்துக்குப் போய், நடைபாதையில் தன் கேன்களுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எழுத்தர் தலையை நீட்டி, "வரலைங்க" என்பார். கையெட்டும் தூரத்தில் நல்ல மிதவைகள் பதினான்கு கிடந்தன. வராத மிதவைக்காக அவர் அவற்றின் எதிரிலேயே காத்துக்கிடந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குழாயில் நின்றுகொண்டு, "உங்க வீட்டுக்காரர் பேப்பர்ல வந்துட்டாரே அக்கா" என்றாள். கேன்காரர் மனைவி குடத்தைக் கீழே வைத்தார்.

"ஆமா. உன் வீட்டுக்காரர் போட்டதையும் சேர்த்துத்தான் அவர் பொறுக்கினாரு. அதைப் பேப்பர்ல போடலை."

வெளியே அப்படிப் பேசிவிட்டு வந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டார். "நான் குப்பைன்னு சொன்னப்ப ஏறி விழுந்தீங்க. இப்ப அரசாங்கமே சொல்லுது. போய் அவங்க மேல ஏறி விழுங்க."

ஆனால் அன்று சாயந்திரம் மனுவை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். எட்டாவதுவரை படித்தவர். கொட்டகையில் பெட்டிக் கணக்கு எழுதுகிற காகிதத்தின் பின்பக்கத்தில், அடித்துத் திருத்தாமல், குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். தன் கணவர் கடலிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்த பொருள்களைத்தான் தொழிலுக்குப் பயன்படுத்துகிறார் என்றும், வேண்டுமானால் வீட்டுக்கு வந்து பின்கட்டைப் பார்க்கலாம் என்றும், துணி காயப்போட இடமில்லாததே இதற்கு அத்தாட்சி என்றும் எழுதியிருந்தார். கேன்காரர் அதைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

எழுத்தர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"இது எந்தப் பிரிவுல வரும்னு தெரியலையே."

"எந்தப் பிரிவுல வேணும்னாலும் வைங்க."

"அப்படி வைக்க முடியாதுங்க. ஒண்ணு புகாரா இருக்கணும், இல்ல கோரிக்கையா இருக்கணும். இது ரெண்டும் இல்லையே."

"பின்ன என்னங்க இது?"

எழுத்தர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விளக்கம்" என்றார். விளக்கம் கேட்டால்தான் விளக்கம் கொடுக்கலாமாம், கேட்கவில்லையாம். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாலாவது வாரம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். கதவோரத்திலேயே நின்றான். சின்ன வயதிலிருந்து அவன் அப்படி நின்றால் ஏதோ தப்பு செய்திருக்கிறான் என்று அக்காவுக்குத் தெரியும்.

"மாமா, எனக்குப் பெரிய படகுல வேலை கிடைச்சிருக்கு."

கேன்காரர் ஷாம்பு பாட்டிலில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எந்தப் பெரிய படகு?"

"துறைமுகத்துல. எத்தனை நாள் மாமா சும்மா இருக்கிறது? வீட்டுல மூணு வாய் இருக்கு."

"மிதவை அடுத்த வாரம் வருதுன்னு சொல்லியிருக்காங்க மாப்ள."

"போன மாசமும் அதான் சொன்னாங்க."

மைத்துனன் போன பிறகுதான் ஆணி ஆறிப்போய் பாட்டிலில் இறங்காமல் நிற்பதைக் கேன்காரர் கவனித்தார். பாட்டிலைச் சுவரில் வீசி எறிந்தார். வாழ்க்கையில் அவர் ஒரு பாட்டிலை வீசி எறிந்தது அதுதான் முதல் தடவை. மனைவி அதை எடுத்துத் திரும்பச் சரத்தில் கோத்து வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் மைத்துனன் மறுபடி வந்தான். இந்தத் தடவை கதவோரத்தில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, அந்தப் படகுல கீழ் அறையில அஞ்சு கூடு கிடக்கு. நம்ம கூடு."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? நான் பின்னின கூடு. உள்ள ஷாம்பு பாட்டில் தொங்குது. பச்சைக் கூடை நார் போட்டுக் கட்டினோமே, அதுவும் இருக்கு."

கேன்காரர் எழுந்து சட்டையை மாட்டினார். "நம்பர் சொல்லு."

மைத்துனன் நம்பரைச் சொன்னான். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நம்பரை நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. வேலை போயிரும்."

"நீதானே பாத்தே. நீ வந்து சொன்னாத்தானே நிக்கும்?"

"மாமா, நீங்க தெரிஞ்சுக்கணுமேன்னு சொன்னேன். சாட்சிக்கு வரேன்னு சொல்லலை."

"பத்தொன்பது கூடு மாப்ள. அதுல பாதி உன்னோடது."

"கூடு போச்சு, பின்னிக்கலாம். துறைமுகத்துல ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா எழுபது படகும் வேண்டாம்னு சொல்லும். அப்ப என் பிள்ளைங்களுக்கு யார் சோறு போடுவா, நீங்களா? உங்களுக்கே சீட்டு இல்ல."

கேன்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தம்பியைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு பக்கம் வலிக்கும். கடைசியில் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். "சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க" என்றார். யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் கேன்காரர் தனியாக அலுவலகத்துக்குப் போய் நம்பரை மட்டும் சொன்னார். ஆய்வாளர் வேகமாக எழுதிக்கொண்டார். முகத்தில் உண்மையாகவே ஒரு வெளிச்சம் வந்தது.

"யார் பாத்தாங்க?"

கேன்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"பாத்தவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா நான் இன்னைக்கே போய்ப் படகைச் சோதனை போடுவேன். சும்மா நம்பரை வெச்சுக்கிட்டுப் போனா, யார் சொன்னான்னு முதல்ல என்னைத்தான் கேப்பாங்க."

கேன்காரர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பு நம்பர் இல்லாமல் நியாயம் இல்லை. இப்போது நம்பர் இருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை. மைத்துனன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அன்றோடு வழக்கு முடிந்திருக்கலாம், குடும்பமும் முடிந்திருக்கும்.

"யாரும் பாக்கலை சார்" என்றார்.

முகம் கழுவலாம் என்று அலுவலகத்தின் பின்னால் இருந்த கழிவறைக்குப் போனார். வாளிக்குள் அவருடைய கேன் ஒன்று மிதந்தது. குறுக்கே வெட்டிக் குவளையாக்கியிருந்தார்கள். வட்டமும் புள்ளியும் அப்படியே இருந்தன. கையில் எடுத்துப் பார்த்தார். விளிம்பைத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். அவசரத்தில் எடுத்தால் கையைக் கிழிக்கும். மடியிலிருந்த கத்தியை எடுத்து, அங்கேயே நின்று, விளிம்பைச் சீவி வழவழப்பாக்கினார். ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு மனைவி கேட்டபோது, "கோபத்துல" என்றார்.

ஏழாவது வாரம் மிதவைகள் வந்தன. முழங்கை நீளத்தில் ஆரஞ்சு நிறக் கெட்டித் துணி உறை, அதில் கறுப்பு மையில் எண், உள்ளே வெள்ளைத் தெர்மாக்கோல் உருளை. கேன்காரர் எழுதிக் கொடுத்து, கைநாட்டு வேண்டாம் கையெழுத்தே போடுகிறேன் என்று போட்டு, இருபத்தொரு மிதவைகளை வாங்கிவந்தார். ஒன்றைத் தட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை.

தனியாகவே கடலுக்குப் போனார். துடுப்பையும் பிடித்துக்கொண்டு கயிற்றையும் இழுப்பது ஐம்பத்து நான்கு வயதில் லேசான காரியம் இல்லை. நண்டுக் காலமும் முக்கால்வாசி முடிந்திருந்தது. முதல் மாதத்திலேயே கயிறு கட்டுகிற காதோரம் உறை கிழிந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, தெர்மாக்கோல் பொடியத் தொடங்கியது. மிதவையைத் தூக்கினால் வெள்ளை முத்துமுத்தாகக் கடலில் சிதறும். கையால் அள்ளினால் விரலிடுக்கில் ஒட்டும். வலையால் வழித்தால் வலைக்கண் வழியே நழுவிப் போய்விடும். மீன் குஞ்சுகள் அவற்றைக் கொத்துவதை அவர் பார்த்தார். படகை நிறுத்திவிட்டு, குடிக்கிற தண்ணீர் வடிகட்டுகிற துணியால் அரை மணி நேரம் அள்ளினார். பிறகு துணியை மடியில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் திட்டினார். கேட்க ஆள் இல்லை.

ஈரத் துணியோடு அலுவலகத்துக்குப் போய் மேசைமேல் கொட்டினார்.

"கழிவு விட்டேன்னு எழுதினீங்களே சார். இது யார் விட்ட கழிவு?"

ஆய்வாளர் முத்துகளைத் தொட்டுப் பார்த்தார். "எழுதிக் குடுங்க, மேலிடத்துக்கு அனுப்புறேன். ஆறு மாசம் பாத்துட்டு ஒரு ஆய்வறிக்கை கேட்டிருக்காங்க. அதுல சேர்த்துக்கலாம்."

கேன்காரர் எழுதிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தார். பின்கட்டில் உட்கார்ந்து, கிழிந்த ஆரஞ்சு உறையைப் பிரித்து, தெர்மாக்கோலை வெளியே தட்டினார். சரத்திலிருந்து ஒல்லியான இரண்டு லிட்டர் கேன் ஒன்றை உருவி, மூடியில் ரப்பர் உருக்கி அடைத்து, உறைக்குள் செருகினார். அளவெடுத்துச் செய்ததுபோல் இறங்கியது. காதோரம் செருப்பு ரப்பர் வைத்து நைலான் நரம்பால் தைத்தார். வெளியே பார்த்தால் துறையின் மிதவை, எண் சகிதம். உள்ளே கேன்.

மனைவி துணியோடு வந்து நின்று பார்த்தார். "மாட்டிக்கிட்டா?"

"சட்டையைக் கழட்டிப் பாக்கவா போறாங்க?"

ஒரு வாரத்தில் இருபத்தொன்றையும் மாற்றிவிட்டார்.

ஆறு மாதம் ஆனதும் ஆய்வாளர் கரைக்கு வந்தார். அதற்குள் எல்லாப் படகுக்கும் ஆரஞ்சு மிதவை வந்திருந்தது. ஒவ்வொருவரும் கிழிந்து, பொடிந்து, பாதியாகிப்போனதைத் தூக்கிக்கொண்டு வந்து அவரைச் சுற்றி நின்று கத்தினார்கள். கேன்காரர் மிதவைகள் மட்டும் மணலில் புதுசுபோல் கிடந்தன. ஆய்வாளர் ஒன்றைத் தூக்கினார். புரட்டினார். எண்ணைப் படித்தார்.

"உங்களுது ஒண்ணுகூடப் போகலையே! எப்படிங்க வெச்சிருக்கீங்க?"

கேன்காரர் வாயைத் திறந்தார். உள்ளதைச் சொன்னால் இத்தனை நாள் தொண்டையில் நின்றது இறங்கும். அதோடு சீட்டும் போகும். எழுதிக் கொடுத்த காகிதம் அலுவலகத்தில் இருக்கிறது.

"பாத்துப் பதனமா வெச்சிருக்கேன் சார்" என்றார்.

ஆய்வாளர் அவரை மிதவையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். அறிக்கையில், முறையாகப் பராமரித்தால் இம்மிதவை நன்றாக உழைக்கிறது, சேதம் பயனாளிகளின் கவனக்குறைவால் ஏற்படுகிறது என்று எழுதினார். இரண்டாம் தடவையாகக் கேன்காரர் பேப்பரில் வந்தார். இந்தத் தடவை 'முன்மாதிரி மீனவர்'. அதைப் பார்த்த மனைவி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேன்காரர் பேப்பரை மடித்து அடுப்புப் பக்கம் போட்டார்.

கரையில் நாலு பேர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். "நாங்க கத்திக்கிட்டிருக்கோம், நீங்க நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்க. இனிமே எங்க பேச்சு எடுபடுமா?" என்று வலைக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கேன்காரர் அவரைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு மிதவையின் தையலைப் பிரித்துக் காட்டினார். வலைக்காரர் உள்ளே இருந்ததைப் பார்த்தார். கேன்காரர் முகத்தைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார்.

ஒரு மாதத்துக்குள் அந்தக் கரையில் இருந்த எல்லா ஆரஞ்சு உறைக்குள்ளும் கேன் இருந்தது. காலையில் மணலைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் இப்போது பத்துப் பதினைந்து பேர் ஆகிவிட்டார்கள். நல்ல கேன் கிடைக்கக் கேன்காரரே முன்னால் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. மிதவை உடைவது நின்றதும், பராமரிப்புப் பயிற்சிக்குக் கைமேல் பலன் என்று துறை இன்னும் ஐந்நூறு தெர்மாக்கோல் மிதவைகளுக்கு எழுதிப் போட்டது. அப்படி ஒரு பயிற்சி நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மைத்துனன் பெரிய படகிலேயே இருக்கிறான். ஒருநாள் பகலில் ஐந்து கூடுகளையும் எப்படியோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். விசேஷ நாள்களில் வந்து சாப்பிடுகிறான். மாமாவும் மாப்பிள்ளையும் வெயிலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். படகைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது கேன்காரர் வீட்டுப் பின்கட்டில் தொங்குவது கேன் இல்லை. உறையிலிருந்து உருவிய தெர்மாக்கோலைக் கடலில் போட மனம் வராமல், எரித்தால் மூச்சடைக்கும் என்று எரிக்கவும் முடியாமல், கரையில் எல்லோரும் கோணி கோணியாக அவரிடமே கொண்டுவந்து தள்ளுகிறார்கள். எதையும் வீணாக்காதவர் அவர்தானே என்கிறார்கள். இருபத்தெட்டுக் கோணி சேர்ந்திருக்கிறது. வெட்டிப் பார்த்தார், பொடிந்தது. ஒட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார், ஈரம் இறங்கி நாறியது.

"என்னங்க, இதை வெச்சு என்னதான் பண்ணப்போறீங்க?" என்று மனைவி ஈரப் புடவையோடு நின்று கேட்கிறார்.

கேன்காரர் ஒரு துண்டை எடுத்து விரலால் தட்டுகிறார். "தெரியலையே" என்கிறார்.